பார்வையாளர் நேரம்

படுக்கையிலிருக்கும் குழந்தையைப் பெற்றோர் எப்போது பார்க்கலாம் என்று 1949இல் லண்டன் மருத்துவமனைகளில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. கைஸ் மருத்துவமனையில் ஞாயிறு பிற்பகல் 2 முதல் 4 வரை. செயின்ட் பார்தலோமியூவில் புதன்கிழமை ஒன்றரை மணி நேரம். வெஸ்ட் லண்டனில் பார்க்கவே முடியாது. செயின்ட் தாமஸின் விதி தனி ரகம்: முதல் மாதம் அனுமதி கிடையாது, ஆனால் இரவு 7 முதல் 8 வரை, தூங்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

விதி வகுத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். தொற்றுக்குப் பயந்தார்கள். தாயைக் கண்டால் குழந்தை அழுகிறது, காணாவிட்டால் சில நாளில் பழகிவிடுகிறது என்று நம்பினார்கள். அது பழக்கமல்ல, நம்பிக்கை அற்றுப்போன மௌனம் என்றார் மனநலச் சமூகப் பணியாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன். இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் எட்டு நாள் மருத்துவமனை வாசத்தை 1952இல் படமாக்கிக் காட்டினார். பார்த்த மருத்துவர்கள் பலர் கோபப்பட்டார்கள். மருத்துவமனைக் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழு 1959இல் தடையற்ற வருகைக்குப் பரிந்துரைத்தது, அரசும் ஏற்றது. வார்டுக் கதவுகள்தாம் அசையவில்லை. 1961இல் பாட்டர்ஸி பகுதித் தாய்மார்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். எந்த மருத்துவமனை எத்தனை மணி நேரம் விடுகிறது என்று விசாரித்து எழுதி, அந்தக் கணக்கையே ஆயுதமாக்கினார்கள்.

நமக்கு இது விநோதம். நம்மூர் அரசு மருத்துவமனையில் கட்டிலடியில் பாய் விரிக்கும் தாயை யாரும் தடுப்பதில்லை. அவள் இல்லையென்றால் பால் ஆற்றிக் கொடுக்க ஆள் ஏது?

அங்கே பிறகு நோயின் கணக்கும் மாறியது. அன்று ரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளை பெரும்பாலும் சில மாதங்களே இருந்தது. இன்று பிரிட்டனில் அப்படிப்பட்ட பத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டு நீள்கிறது. கதவு திறந்துவிட்டது, உள்ளே போன தாயால்தான் வெளியே வர முடியவில்லை. வேலை போகிறது, மூத்தவன் பாட்டி வீட்டில் வளர்கிறான். ஒரு காலத்தில் நர்ஸ் செய்த பாதி வேலை, மூக்குக் குழாயில் உணவு செலுத்துவது உட்பட, அவள் கைக்கு வந்திருக்கிறது.

தாயின் இந்தச் சுமையை முன்னதாகக் கண்டவர் கன்னியாஸ்திரீ பிரான்செஸ் டொமினிக்கா. கடும் நோயுற்ற ஒரு சிறுமியை அவ்வப்போது தன்னிடம் வைத்துக்கொண்டு பெற்றோரை ஓய்வெடுக்க அனுப்பினார். அதிலிருந்து 1982இல் ஆக்ஸ்போர்டில் பிறந்தது ஹெலன் ஹவுஸ், உலகின் முதல் சிறார் நோய்த்தணிப்பு இல்லம் (ஹாஸ்பிஸ்).

தாயை உள்ளே விடச் சொல்லி வாதாடிய தொண்டர்களின் வழிவந்தவர்கள், கொஞ்சம் வெளியே போய்த் தூங்கிவிட்டு வா என்று இப்போது அவளிடம் மன்றாடுகிறார்கள். அன்று உதவிக்குப் பக்கத்து வீட்டுக்காரி குழந்தைத் தள்ளுவண்டியோடு கிளம்பினால் போதும். இன்று தொண்டு செய்ய வருபவருக்குக் காவல்துறைப் பதிவுச் சோதனை, பயிற்சி, அடையாள அட்டை. காரணம் உண்டு; ஆனாலும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி காணாமல் போனாள்.

செயின்ட் தாமஸ் வளாகத்தில் இப்போது எவெலினா சிறுவர் மருத்துவமனை இருக்கிறது. நடந்துபோகும் தூரத்தில் பெற்றோர் இலவசமாகத் தங்க 59 அறைகள் கொண்ட இல்லம். இரவு ஏழு மணிக்கு ஒரு தொண்டர் கட்டிலருகே கதைப்புத்தகத்தோடு உட்கார்கிறார். தாய் அறைக்குப் போய், தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாள்.