நாடி கிடைக்காத கை: டாகாயாசு நோய் பற்றி நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை



நமது மருத்துவ உதவிக் குழுவுக்கு வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை டயாலிசிஸ், இருதய அறுவை சிகிச்சை, புற்றுநோய் ஆகியவற்றுக்கானவை. அவற்றைப் பற்றி நம் மக்களுக்குப் புதிதாக விளக்கத் தேவையில்லை. அண்மையில் வந்த ஒரு விண்ணப்பத்தில் எழுதியிருந்த நோயின் பெயரையோ குழுவில் எவரும் கேள்விப்பட்டதில்லை. நோயாளி, இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஒரு பெண். கை சோர்கிறது, தலை சுற்றுகிறது என்று இரண்டு வருடமாகச் சொல்லிவந்திருக்கிறார். இரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரையும் டானிக்கும் கொடுத்திருக்கிறார்கள். இடது கையில் பிரஷர் பார்த்தபோது இயந்திரம் எண் காட்டவில்லை. இயந்திரம் பழுது என்று சொல்லி வலது கையில் பார்த்து அனுப்பிவிட்டார்கள். பழுது இயந்திரத்தில் இல்லை, இரத்தக்குழாயில் இருந்தது என்பது பெரிய மருத்துவமனைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அந்த நோயின் பெயர் 'டாகாயாசு ஆர்டிரைட்டிஸ்'. மூட்டுவலியைக் குறிக்கும் 'ஆர்த்ரைட்டிஸ்' என்ற சொல்லோடு இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். இது மூட்டு நோயல்ல. தமனிகளில், அதாவது இருதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாய்களில் ஏற்படும் அழற்சி. அரிதான நோய்தான். ஆனாலும் நம் நாட்டிலும் ஆசியாவின் பிற நாடுகளிலும் இது அதிகம் காணப்படுகிறது. இளம் பெண்களையே பெரும்பாலும் தாக்குகிறது. அதனால்தான் இந்த இதழின் மருத்துவப் பக்கத்தை இதற்கு ஒதுக்கியுள்ளோம்.

இது என்ன நோய்?

கிருமிகளை எதிர்த்துப் போராட நம் உடலில் ஒரு காவல் படை இருக்கிறது. சிலருக்கு அந்தப் படை தடம் மாறி, சொந்த உடலின் பாகங்களையே எதிரியென்று நினைத்துத் தாக்குகிறது. இவற்றைத் தன்னுடல் தாக்கு நோய்கள் என்கிறார்கள். தாக்கப்படுவது இரத்தக்குழாயாக இருந்தால் அது இரத்தநாள அழற்சி. இதில் பல வகைகள் உண்டு. டாகாயாசு நோய் தாக்குவது பெருந்தமனியையும், அதிலிருந்து கைகள், கழுத்து, மூளை, சிறுநீரகங்கள், கால்கள் ஆகியவற்றுக்குப் பிரியும் பெரிய கிளைகளையும்.

அழற்சி கண்ட குழாயின் சுவர் தடிக்கிறது. உள்ளே வழி குறுகுகிறது, சில இடங்களில் முழுவதும் அடைபடுகிறது. வேறு சில இடங்களில் சுவர் பலவீனமாகிப் புடைத்துக்கொள்வதும் உண்டு.

1908-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிக்கிட்டோ டாகாயாசு, ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் இரத்தக்குழாய்கள் மாலை போல வளைந்து இணைந்திருப்பதைக் கண்டு அறிவித்தார். தாங்கள் பார்த்த இத்தகைய நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடியே கிடைக்கவில்லை என்று வேறு இரு மருத்துவர்கள் கூறினர். கண்ணில் தெரிந்த மாற்றமும் கையில் நாடி இல்லாததும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பது இப்படித்தான் புலப்பட்டது. 'நாடியற்ற நோய்' என்ற பெயரும் இதற்கு வந்தது.

இது தொற்றுநோய் அல்ல. ஒரே பாத்திரத்தில் சாப்பிடுவதாலோ, ஒரே அறையில் படுப்பதாலோ பரவாது. குடும்பத்தில் இன்னொருவருக்கு வருவதும் மிக அபூர்வம்.

எதைக் கவனிக்க வேண்டும்?

இந்த நோய் பெரும்பாலும் 40 வயதுக்குள் தொடங்குகிறது. குழந்தைகளுக்கும் வருவதுண்டு. சிலருக்குத் தொடக்கத்தில் விட்டுவிட்டுக் காய்ச்சல், உடல் மெலிவு, அசதி, மூட்டுவலி இருக்கும். ஆனால் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 60 நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து 1994-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒரு பங்கினருக்கு மட்டுமே இத்தகைய அறிகுறிகள் முதலில் இருந்தன. காய்ச்சல் இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

குழாய் குறுகத் தொடங்கிய பின் வரும் அறிகுறிகள் அன்றாட வேலைகளில்தான் வெளிப்படும். தலை வாரும்போதும், துணி பிழிந்து கொடியில் போடும்போதும் கை சட்டென்று சோர்ந்து வலிக்கும். இறக்கி வைத்தால் சரியாகும். கழுத்தின் பக்கவாட்டில் தொட்டால் வலிக்கும். எழுந்து நின்றால் தலைசுற்றும், பார்வை சிறிது நேரம் மங்கும். நடந்தால் கால் இழுக்கும். சிறுநீரகக் குழாய் குறுகியிருந்தால் இரத்த அழுத்தம் ஏறும். இந்திய நோயாளிகளிடம் அதிகம் காணப்படுவது இந்த உயர் இரத்த அழுத்தம்தான். இருபது வயதுப் பெண்ணுக்குப் பிரஷர் 170 என்றால் அதைப் படிப்புக் கவலை, வீட்டுக் கவலை என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. அந்த வயதில் பிரஷர் ஏறுவதற்குக் காரணம் தேடியே ஆக வேண்டும்.

இரண்டு கையிலும் பாருங்கள்

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இளவயதினருக்கு மேற்சொன்ன தொல்லைகள் இருந்தால் இரண்டு கைகளிலும் நாடி பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு கைகளிலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண்ணில் சிறிய வித்தியாசம் நலமாக இருப்பவர்களுக்கும் இருக்கும். அது 20 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, ஒரு கையில் நாடியே கிடைக்காவிட்டாலோ, மருத்துவர் அதற்கான காரணத்தைத் தேட வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு கைகளுக்குமான குழாய்கள் குறுகிவிட்டால், கையில் பிரஷர் குறைவாகவே காட்டும். உள்ளே பெருந்தமனியிலோ அழுத்தம் ஆபத்தான அளவில் இருக்கக்கூடும். அத்தகைய நோயாளிக்குக் காலில் பிரஷர் பார்த்தால்தான் உண்மை தெரியும். எந்தக் கையில் அல்லது காலில் பார்க்க வேண்டும் என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேட்டு, மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சந்தேகம் வந்தால் சி.டி. அல்லது எம்.ஆர். ஆஞ்சியோ மூலம் குழாய்களைப் படம் எடுத்து உறுதி செய்வார்கள். இதற்கான சிறப்பு மருத்துவர் ருமட்டாலஜிஸ்ட். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் ஆகிய இடங்களில் இந்தத் துறை இயங்குகிறது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

நோய் ஏன் வருகிறது என்பதற்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. எச்.எல்.ஏ-பி 52 என்ற மரபணு வகை இந்த நோயாளிகளிடம் அதிகம் இருப்பதை ஜப்பானிலும் இந்தியாவிலும் துருக்கியிலும் கண்டிருக்கிறார்கள். ஆனால் அந்த மரபணு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை. எனவே பெற்றவர்கள் தங்களையோ, தாய்வழி தந்தைவழி உறவையோ குறை சொல்லிக்கொள்ள இதில் எதுவும் இல்லை. கண்ணேறு, செய்வினை என்று அலைந்து மாதங்களை இழக்கவும் வேண்டாம். துஆ செய்வோம், மருத்துவமும் செய்வோம்.

நோயாளிகள் கட்டாயம் அறிய வேண்டிய ஒரு முடிவு, மேலே சொன்ன 1994 ஆய்வில் இருக்கிறது. நோய் அடங்கிவிட்டது என்று மருத்துவர்கள் கருதிய சிலருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது எடுத்த குழாய்த் திசுவைச் சோதித்ததில் 44 விழுக்காட்டினருக்கு அழற்சி இன்னும் தொடர்ந்துகொண்டிருந்தது. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய இரத்தப் பரிசோதனைகள் சரியாக இருந்தாலும் உள்ளே நோய் மெல்ல நகரலாம். ஆகவேதான் நோயாளி நலமாக உணரும்போதும் மருத்துவர்கள் திரும்ப வரச் சொல்கிறார்கள், படம் எடுக்கச் சொல்கிறார்கள். வீண் செலவு வைப்பதற்காக அல்ல.

நோயின் வேகத்தை அளக்க இந்திய மருத்துவர்களே ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். லக்னோ சஞ்சய் காந்தி நிறுவனம், வேலூர் சி.எம்.சி. ஆகியவற்றின் மருத்துவர்கள் பங்கேற்று உருவாக்கிய 'ஐடாஸ் 2010' அது. 44 கேள்விகள் கொண்டது. அவற்றில் 33 இருதயமும் இரத்தக்குழாயும் பற்றியவை. நாடி, பிரஷர், குழாயில் கேட்கும் இரைச்சல் என்று மருத்துவர் கையாலும் காதாலும் அறியக்கூடியவற்றுக்கே இதில் முதலிடம். வேலூரில் 251 நோயாளிகளுக்கு அளித்த கூட்டு மருந்துச் சிகிச்சையின் நீண்டகாலப் பலன்களும் ஆய்வாக வெளியாகியுள்ளன. உலகில் இந்நோய் குறித்த பெரிய ஆய்வுகளுள் அதுவும் ஒன்று.

மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்

முதல் மருந்து ஸ்டீராய்டு மாத்திரை. பெரிய அளவில் தொடங்கி, மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். அதோடு மெத்தோட்ரெக்சேட், அசத்தியோபிரின், மைக்கோஃபினோலேட் போன்ற, எதிர்ப்புச் சக்தியைக் கட்டுப்படுத்தும் மருந்து ஒன்றையும் சேர்ப்பார்கள். இவற்றுக்கு அடங்காதவர்களுக்கு டோசிலிசுமாப் போன்ற ஊசிகள் உள்ளன. 2017-இல் ஜப்பான் அரசு இந்நோய்க்கு அதை அனுமதித்தது. அத்தகைய ஊசிகளுக்கு முன் காசநோய்ப் பரிசோதனை அவசியம். உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமி விழித்துக்கொள்ளக்கூடும்.

மருந்து அழற்சியை அடக்கும். ஆனால் தழும்பாகிக் குறுகிவிட்ட குழாயை மருந்தால் பழையபடி விரிக்க முடியாது. அதற்கு ஆஞ்சியோபிளாஸ்டியோ பைபாஸோ தேவைப்படலாம்; அதையும் நோய் அடங்கிய பின் செய்வதே நல்லது. நாட்களைக் கடத்தாமல் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்பது இதனால்தான். விட்டுவிட்டால் பக்கவாதம், இருதயச் செயலிழப்பு, சிறுநீரகப் பாதிப்பு, பார்வை இழப்பு வரை போகலாம்.

ஸ்டீராய்டு சாப்பிடும்போது முகம் உப்பும், எடை கூடும், பரு வரும், சர்க்கரை ஏறலாம், எலும்பு தேயலாம். விசேஷ வீடுகளில் "என்னம்மா, முகம் இப்படி ஆகிவிட்டது?" என்று நாம் கேட்கும் ஒரு கேள்வி போதும், பிள்ளை மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடும். நாட்பட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. வெளியிலிருந்து வரும் மருந்துக்குப் பழகிய உடல், தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் இருக்கும். மருந்தளவு குறையும்போது முகமும் பழைய நிலைக்குத் திரும்பும். அதுவரை அந்தப் பிள்ளையின் முகத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நாம் செய்யும் உதவி.

மேலும், இம்மருந்துகள் சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

நிக்காஹ், கர்ப்பம், நோன்பு

இந்த நோய் உள்ள பெண் திருமணம் செய்துகொள்ளலாம், நலமான குழந்தைகளையும் பெறலாம். ஆனால் கர்ப்பம் திட்டமிட்டதாக இருக்க வேண்டும். நோய் சில மாதங்களாவது அடங்கியிருக்க வேண்டும், பிரஷர் கட்டுக்குள் இருக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட், மைக்கோஃபினோலேட் இரண்டும் கருவைப் பாதிப்பவை. கருத்தரிக்கும் முன்பே மருத்துவர் அவற்றை நிறுத்தி, பாதுகாப்பான மருந்துக்கு மாற்றுவார். நோயை மறைத்து நிக்காஹ் முடித்தால், புகுந்த வீட்டில் மறைத்து மறைத்து மாத்திரை போட வேண்டியிருக்கும். ஒருநாள் அது நின்றுவிடும். பேச்சு முடிவாகும் முன்பே சொல்லிவிடுவது பெண்ணின் உயிருக்கும் நல்லது, இரு வீட்டாரின் நம்பிக்கைக்கும் நல்லது. மாப்பிள்ளை வீட்டார் விரும்பினால், பெண்ணின் சம்மதத்தோடு மருத்துவரை நேரில் கண்டு கேட்டுக்கொள்ளட்டும்.

ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே நோன்பு பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சிலருக்கு மருந்தை ஸஹர், இஃப்தார் நேரங்களுக்கு மாற்றித் தர முடியும். சிலருக்கு நோன்பு கூடாது என்பார். நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திருக்கும்போது, அவரைக் கட்டாயப்படுத்தவோ குத்திப் பேசவோ நமக்கு உரிமை இல்லை. களாவா, ஃபித்யாவா என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நாம் செய்யக் கூடியது

அமெரிக்காவிலும் துருக்கியிலும் இந்த நோயாளிகளிடமே பேசி ஓர் ஆய்வு செய்தார்கள். வலி, தீராத அசதி, மனச்சோர்வு ஆகியவையே தங்களை அதிகம் வாட்டுவதாக அவர்கள் கூறினார்கள். இவை எந்த ஸ்கேனிலும் தெரியாதவை. வெளியே பார்க்க நன்றாக இருக்கும் மருமகள் வேலையின் நடுவே உட்கார்ந்தால் அது சோம்பல் அல்ல என்பதைக் குடும்பத்துப் பெரியவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

மருந்துச் செலவு நீண்ட காலச் செலவு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எதற்கெல்லாம் உதவி உண்டு என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். அதற்கு மேல் தேவைப்படுவோர், மருந்துச் சீட்டின் நகலுடன் நமது அலுவலகத்துக்கு வரலாம். கையில் பணம் இல்லை என்பதற்காக ஒரு மாத மருந்துகூட நிற்க வேண்டாம். முடியாத மாதத்தில், மருந்து தீருவதற்கு முன்பே வந்து சொல்லுங்கள். விவரங்கள் குழுவைத் தாண்டி வெளியே போகாது, இன்ஷா அல்லாஹ்.