வீட்டுக் கணிப்பொறியில் ஒரு கம்பைலர்

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மவர் இல்லங்களில், பிள்ளைகளின் கல்விக்கென வாங்கப்பெறும் பொருள்களுள் மேசைக் கணிப்பொறியும் ஒன்றாகிவிட்டது. ஆயின், படம் பார்க்க மட்டும் அதனை வைத்திருத்தல் நன்செய் நிலத்தைத் தரிசாக விடுவதை ஒக்கும். பிள்ளைகள் தாமே நிரல் எழுதிப் பழகுவதற்கு வேண்டுவது கம்பைலர். அதற்குப் பொருட்செலவு சிறிதும் இல்லை.

கம்பைலர் என்பது யாது? மனிதர் படித்துணரத்தக்க மொழியில் எழுதிய நிரலை, பொறி அறியும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருளே அது. டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் வகுத்த சி மொழி இன்றும் பாடத்திட்டங்களில் நிலைபெற்றுள்ளது. அம்மொழிக்கு ரிச்சர்டு ஸ்டால்மன் 1987இல் வெளியிட்ட ஜிசிசி என்னும் கம்பைலரை எவரும் விலையின்றிப் பெறலாம்.

நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் டர்போ சி++ நெடுங்காலம் ஆட்சி புரிந்தது. அது 1990இல் வெளிவந்தது. 16 பிட் காலத்துக் கருவி. இன்றைய 64 பிட் விண்டோஸில் நேரே இயங்காது. டாஸ்பாக்ஸ் போன்ற துணை வேண்டும். அதில் சாதாரண முழுஎண் 32767க்கு மேல் செல்லாது. 1 முதல் 8 வரையுள்ள எண்களைப் பெருக்கினால் 40320 வரவேண்டும்; அதுவோ −25216 என்று காட்டும். எழுதிய முறையில் பிழையில்லை. எண் வைக்கும் இடம் சிறிது. இதனை அறியாத பிள்ளை தன் அறிவையே ஐயுறும். ஆதலால் புதிய கருவியே தக்கது.

உபுண்டு லினக்ஸ் உள்ள இல்லங்களில் வேலை எளிது: பில்ட் எசென்ஷியல் என்னும் தொகுதியை ஒரே கட்டளையால் நிறுவிவிடலாம். விண்டோஸ் உடையவர் எம்எஸ்ஒய்எஸ்2 என்னும் மென்பொருளை அதன் உரிய தளத்திலிருந்தே இறக்கி நிறுவுக. பிற இடங்களை நாடற்க. பின்னர் அதன் கட்டளைச் சாளரத்தின் வழியே ஜிசிசியை வரவழைக்க வேண்டும்.

பலர் இடறுவது இதற்கு அடுத்த படியில். கம்பைலர் வீட்டினுள் வந்தமர்ந்திருக்கும். அதன் முகவரியோ கணிப்பொறிக்குத் தெரியாது. 'இக்கட்டளையை அறியேன்' என்னும் பொருள்படச் செய்தி வரும். ஜிசிசி உள்ள 'பின்' என்னும் கோப்புறையின் முகவரியை, விண்டோஸ் அமைப்புகளில் உள்ள 'பாத்' பட்டியலில் சேர்த்தல் வேண்டும். முன்பே திறந்திருந்த கட்டளைச் சாளரம் இம்மாற்றத்தை அறியாது. அதனை மூடிப் புதிதாகத் திறக்க வேண்டும். அங்கு ஜிசிசியின் பதிப்பெண்ணைக் கேட்டு விடை வந்தால் வேலை முடிந்தது.

முதற் பயிற்சியாக அதே பெருக்கலைப் பிள்ளைகள் செய்து பார்க்கட்டும். 8க்கு 40320 என்று செம்மையாக வரும். 12 வரையிலும் தவறாது. 13இல் இப்புதிய கருவியின் முழுஎண்ணும் இடம் போதாமல் தடுமாறும். காரணத்தை நாம் கூறிவிடலாகாது. அருகமர்ந்து, அவர்களே தேடிக் காணும்வரை பொறுத்திருப்போமாக. அத்தேடலே கல்வி.