வெப்பம் எங்கே குவிகிறது?

விண்வெளியிலிருந்து திரும்பும் கலம் ஏன் அவ்வளவு சூடாகிறது என்று மாணவர் கேட்டால், "காற்றோடு உராய்வதால்" என்று உடனே சொல்லிவிடுகிறோம். அந்த விடை பாதிதான் சரி.

ஒலியைப் போல் 5 மடங்குக்கு மேற்பட்ட வேகத்தை ஹைப்பர்சோனிக் வேகம் என்பர். அவ்வேகத்தில் கலத்தின் முன்னுள்ள காற்றுக்கு விலக அவகாசம் இல்லை. அது திடீரென அமுக்கப்பட்டு அதிர்ச்சி அலை உருவாகிறது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதுபோல, அமுக்கப்பட்ட காற்றும் சூடாகிறது. மாக் 5 வேகத்தில், முகப்பில் தடுக்கப்பட்டு நிற்கும் காற்றின் கெல்வின் வெப்பநிலை ஏறத்தாழ 6 மடங்காகும்: 220 கெல்வின் 1,320 கெல்வின் ஆகிவிடும். உராய்வு வேலை செய்வது, பரப்பை ஒட்டி ஓடும் மெல்லிய எல்லைப் படலத்தில்.

சிக்கல் தொடங்குவதும் அந்தப் படலத்தில்தான். சிம்மக்கல்லை ஒட்டி ஓடும் வைகையில் தண்ணீர் வரும்போது பாலத் தூண்களைக் கவனியுங்கள். தூணின் முன்னே நீர் தேங்கி எழும். ஆற்றின் தரையை ஒட்டி மெதுவாக வரும் நீரால் அந்த அழுத்தத்தை எதிர்த்து முன்னேற முடியாது. அது தரையைவிட்டுப் பிரிந்து, சுழன்று, தூணின் அடியிலுள்ள மணலை அரித்துவிடும்.

கலத்தின் சிறகில் மடக்குத் தட்டு உயர்த்தப்படும் இடத்திலும் இப்படியே நிகழ்கிறது. மெதுவான காற்று பரப்பைவிட்டுப் பிரிந்து சுழல்கிறது. பிரிந்த ஓட்டம் தட்டின் மேல் மீண்டும் வந்து ஒட்டும் இடத்தில் வெப்பம் பன்மடங்காகிறது. ஆற்றில் மணல் அரிபடுகிறது. இங்கே கவசம் தாக்கப்படுகிறது. அதிர்ச்சி அலைகள் பரப்பில் மோதும் இடங்களிலும் இதே ஆபத்து உண்டு. 1967 அக்டோபர் 3 அன்று அமெரிக்காவின் எக்ஸ்-15 விமானம் மாக் 6.7 வேகத்தில் பறந்தபோது, அடியில் பொருத்தியிருந்த மாதிரி எஞ்சினின் அதிர்ச்சி அலை அதைத் தாங்கிய பகுதியில் மோதி உலோகத்தில் ஓட்டை போட்டது. விமானி உயிர் தப்பினார். அந்த விமானம் மீண்டும் பறக்கவில்லை.

இதை முன்கூட்டியே அறியத்தான் காற்றுச் சுரங்கங்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்திலும் இவை உள்ளன. 'அதிர்ச்சிச் சுரங்கம்' என்ற வகையில், நீண்ட குழாயை ஓர் உலோகத் தகடு இரண்டாகப் பிரிக்கும். ஒரு பக்கம் வாயுவின் அழுத்தம் ஏற, தகடு கிழியும். அப்போது பாயும் அதிர்ச்சி அலை மறுபக்கத்துக் காற்றை அமுக்கிச் சூடாக்கும். அக்காற்று கூம்புக் குழல் வழியாக விரைந்து மாதிரியின்மேல் பாயும். சோதனை நீடிப்பது ஏறக்குறைய ஒரு மில்லி வினாடி மட்டுமே. மாதிரியின்மேல் படிந்த மெல்லிய பிளாட்டினப் படலத்தின் மின்தடை மாறுவதைக் கொண்டு, எந்த இடத்தில் எவ்வளவு வெப்பம் பாய்ந்தது என்று கணக்கிடுகிறார்கள்.

வகுப்பில் ஒரு தட்டில் நுண்மணல் பரப்பி, பேனா மூடி ஒன்றை நட்டு, ஒரு பக்கமிருந்து மெதுவாக நீர் ஓடவிடுங்கள். எந்த இடத்தில் மணல் முதலில் அரிபடும் என்று முன்பே ஊகித்து எழுதச் சொல்லுங்கள். நீரில் அதிர்ச்சி அலையோ வெப்பமோ வராது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். "உராய்வு" என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடாமல் "எங்கே, ஏன்?" என்று மாணவர் கேட்கத் தொடங்கினால், பாடம் நடந்துவிட்டது.