சோறு போட்டால் 6 மாதம் ஜெயில்! உப்பு யாத்திரையில் கலெக்டரையே திணறடித்த தஞ்சை ஜனங்கள்

வேதாரண்யம்,

சித்திரை பிறந்தால் வேதாரண்யம் பக்கம் உப்பளங்களில் வேலை மும்முரமாகி விடும். வெயில் ஏற ஏற பாத்தியில் உப்பு பூக்கும். மற்ற ஊரில் வெயிலைத் திட்டுவார்கள். இங்கே வெயில் அடித்தால்தான் அடுப்பு எரியும்.

அதே சித்திரை வெயிலில்தான் 1930-ம் ஆண்டு ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சியில் இருந்து வேதாரண்யத்துக்கு நடந்து வந்து வெள்ளைக்காரன் சட்டத்தை மீறி உப்பு அள்ளினார்கள். ஏப்ரல் 13-ந் தேதி புறப்பட்டு, 28-ந் தேதி வந்து சேர்ந்து, 30-ந் தேதி உப்பு அள்ளி கைதானார்கள். இது பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

ஆனால் அந்த 15 நாளும் இந்த 100 பேருக்கு சோறு போட்டது யார்? அந்த சோற்றுக்காக எத்தனை பேர் ஜெயிலுக்குப் போகத் துணிந்தார்கள்? இதை பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

உப்புக்கு எதற்கு வரி?

அந்தக் காலத்தில் உப்பு காய்ச்சுவது, விற்பது எல்லாமே சர்க்கார் கையில். கடற்கரையில் குடியிருப்பவன் கூட தன் வீட்டுக் குழம்புக்கு ஒரு பிடி உப்பை இஷ்டத்துக்கு அள்ள முடியாது. அள்ளினால் குற்றம். கடையில் வாங்கும் உப்புக்கு ஒரு மணங்குக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, 1 ரூபாய் 4 அணா வரி. உப்பை விளைவிக்க ஆகும் செலவை விட வரி பல மடங்கு அதிகம்.

பணக்காரனும் ஏழையும் சாப்பிடுவது ஒரே அளவு உப்புதான். சொல்லப்போனால் வெயிலில் வேர்த்து உழைக்கிறவனுக்குத்தான் உப்பு கூடுதலாகத் தேவை. கஞ்சிக்கு தொட்டுக்கொள்ள வேறு ஒன்றும் இல்லாதவனுக்கு உப்புதான் வெஞ்சனம். அப்படியானால் இந்த வரி யார் தலையில் விழுந்தது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இதை எதிர்த்து காந்தி 1930 மார்ச் 12-ந் தேதி சபர்மதி ஆசிரமத்தில் இருந்து நடக்க ஆரம்பித்து, ஏப்ரல் 6-ந் தேதி குஜராத்தில் உள்ள தண்டி கடற்கரையில் உப்பு எடுத்தார். நாடே பரபரப்பானது. அப்போது தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக இருந்த ராஜாஜி, இங்கேயும் அதே மாதிரி ஒரு யாத்திரை நடத்த முடிவு செய்தார்.

இடம் எது என்று பேச்சு வந்தபோது வேதாரண்யத்துக்கு அழைத்தவர் அந்த ஊர்க்காரரான வேதரத்தினம் பிள்ளை. காங்கிரஸ்காரர். உப்பு வியாபாரமும் தெரிந்தவர். பின்னாளில் "சர்தார்" வேதரத்தினம் என்று பெயர் வாங்கியவர் இவர்தான். வேதாரண்யம் சதுப்பு நிலத்தில் வெயில் காலத்தில் உப்பு தானாகவே விளையும். யாரும் காய்ச்ச வேண்டாம், குனிந்து அள்ள வேண்டியதுதான்.

கலெக்டர் போட்ட உத்தரவு

திருச்சி கண்டோன்மெண்டில் இருந்த டாக்டர் டி.எஸ்.எஸ்.ராஜன் வீட்டில் இருந்து ஏப்ரல் 13-ந் தேதி விடியற்காலையில் யாத்திரை கிளம்பியது. அன்று தமிழ் வருடப் பிறப்பு. 1919-ல் ஜாலியன்வாலாபாக்கில் வெள்ளைக்காரர்கள் ஜனங்களை சுட்டுக் கொன்றதும் இதே ஏப்ரல் 13-ந் தேதிதான். ராஜாஜிக்கு அப்போது வயது 51. நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை இந்த யாத்திரைக்கு என்றே எழுதிக் கொடுத்த பாட்டை தொண்டர்கள் பாடிக்கொண்டே நடந்தார்கள்.

திருச்சியில் இருந்து வேதாரண்யம் சுமார் 150 மைல். இன்றைய கணக்கில் 240 கிலோ மீட்டர். ஒரு நாளைக்கு சராசரியாக 10 மைல் நடந்தால்தான் 15 நாளில் போய் சேர முடியும். மேட்டூர் அணை கட்டி முடிக்காத காலம் அது. கோடையில் காவிரியில் தண்ணீரை எதிர்பார்க்க முடியாது.

வேதாரண்யம் இன்றைக்கு நாகை மாவட்டம். அப்போது தஞ்சாவூர் மாவட்டம். அதனால் கல்லணை பக்கம் எல்லை தாண்டியதில் இருந்து கடைசி வரைக்கும் எல்லா ஊரும் ஒரே கலெக்டர் கட்டுப்பாடு. அவர் பெயர் ஜே.ஏ.தார்ன்.

தார்னுக்கு ஒரு சிக்கல். ரோட்டில் நடந்து போவது குற்றம் இல்லை. உப்பை அள்ளினால்தான் குற்றம். அதற்கு இன்னும் 15 நாள் இருக்கிறது. அதற்குள் இவர்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசி ஜனங்களைக் கிளப்பி விட்டுவிடுவார்கள். நடப்பவர்களைத் தடுக்க முடியாது. சரி, அவர்கள் வயிற்றைக் காயப் போட்டால்?

இந்திய தண்டனைச் சட்டம் 157-வது பிரிவை கையில் எடுத்தார். சட்ட விரோதக் கூட்டத்துக்கு ஆளாகச் சேர்ந்தவர்களுக்கு இடம் கொடுப்பவர்களை தண்டிக்கிற பிரிவு அது. 6 மாதம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். யாத்திரை போகிறவர்களுக்கு சோறு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ இந்தப் பிரிவு பாயும் என்று தமிழில் நோட்டீஸ் அடித்து விநியோகம் செய்தார்கள். ஊர் ஊராக தண்டோராவும் போட்டார்கள்.

கலெக்டர் பெயருக்கு இங்கிலீசில் முள் என்றும் அர்த்தம் வரும். முள்ளும் நெருஞ்சியும் சுதந்திர வெள்ளத்தை தடுக்க முடியாது என்கிற அர்த்தத்தில் ராஜாஜி அதை வைத்தே கேலி செய்தார்.

மரத்தில் தொங்கிய பொட்டலம்

கெடுபிடி பலமாகத்தான் இருந்தது. சர்க்கார் சத்திரம் திறக்காது. வீட்டு வாசலில் உட்காரச் சொன்னால் வீட்டுக்காரர் உள்ளே போவார். 6 மாதம் என்பது சும்மா இல்லை. அன்றாடம் கூலிக்குப் போகிறவன் 6 மாதம் ஜெயிலில் இருந்தால் குடும்பம் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் தெரியும்.

அந்தக் காலத்திலும் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள் வந்தவனுக்கு இலை போடாமல் அனுப்பியது கிடையாது. நேரடியாகப் போட முடியவில்லை. அதனால் வேறு வழி கண்டுபிடித்தார்கள்.

யாத்திரை வரும் வழியில் ரோட்டோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்க விட்டார்கள். தொண்டர்கள் வருவார்கள், எடுத்துச் சாப்பிடுவார்கள், போவார்கள். சில இடங்களில் ஏரிக்கரை, குளக்கரையில் பெரிய பாத்திரங்களில் சாப்பாட்டை வைத்து மண்ணில் மறைத்து விட்டார்கள். இளைப்பாற உட்காரும்போது எங்கே இருக்கிறது என்று யாராவது ஜாடை காட்டி விடுவார்கள்.

இதில்தான் சட்டம் மாட்டிக் கொண்டது. கேஸ் போட வேண்டும் என்றால் சோறு கொடுத்தது யார் என்று தெரிய வேண்டும். மரத்தில் தொங்குகிற பொட்டலத்துக்கு ஏது பெயர்? மரத்தையா கைது செய்ய முடியும்?

எல்லோரும் மறைந்து செய்தார்கள் என்றும் இல்லை. கும்பகோணத்தில் பந்துலு அய்யர் என்பவர் தன் வீட்டிலேயே எல்லோரையும் 2 நாள் தங்க வைத்து சாப்பாடு போட்டார். வெளிப்படையாக, வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. அதற்காக கைதாகி ஜெயிலுக்கும் போனார். திருத்துறைப்பூண்டியில் சத்திரத்து நிர்வாகியாக இருந்த ராமச்சந்திர நாயுடுவும் சாப்பாடு போட்டதற்காக கைதானார். சத்திரத்தில் இருந்துகொண்டு வந்தவர்களை பட்டினி அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது.

ஒன்று கவனிக்க வேண்டும். தடை போட்டிருக்காவிட்டால் இது 100 பேர் நடந்து போன சமாச்சாரமாக இருந்திருக்கும். தண்டோரா போட்டு மிரட்டியதால் வழியில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் இது சொந்த விவகாரம் ஆகிவிட்டது. சோறு போடுவதா, வேண்டாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் முடிவு எடுக்க வேண்டி வந்தது. சர்க்கார் மீது ஜனங்களுக்கு விசுவாசம் என்று ஒன்று இருந்திருந்தால், அது இப்போது செத்துவிட்டது என்ற பொருளில் தார்னே பிறகு மேலிடத்துக்கு எழுதினார்.

பாதி சவரத்தில் நின்ற வைரப்பன்

ஏப்ரல் 28-ந் தேதி யாத்திரை வேதாரண்யம் வந்து சேர்ந்தது. 30-ந் தேதி காலையில் ராஜாஜி சில தொண்டர்களுடன் போய் உப்பு அள்ளினார். போலீசார் கைது செய்தார்கள். 6 மாதம் ஜெயில். திருச்சி ஜெயிலுக்குக் கொண்டு போனார்கள். எங்கிருந்து நடக்க ஆரம்பித்தாரோ அதே ஊர்!

அதோடு போராட்டம் முடியவில்லை. அடுத்தடுத்து ஆட்கள் வந்து உப்பு அள்ளிக்கொண்டே இருந்தார்கள். போலீசார் அடித்தும் பார்த்தார்கள். ருக்மணி லட்சுமிபதி இங்கே கைதாகி, உப்பு சத்தியாகிரகத்தில் ஜெயிலுக்குப் போன முதல் பெண் என்ற பெயர் பெற்றார். காமராஜரும் இந்தப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர்தான். வேதரத்தினம் பிள்ளைக்கும் ஜெயில். சொத்தையும் பறிமுதல் செய்தார்கள்.

இந்த நேரத்தில்தான் வைரப்பன் விவகாரம். இவர் வேதாரண்யத்தில் முடி திருத்தும் தொழிலாளி. தொண்டர்களை அடிக்கிற போலீசுக்கு சவரம் செய்ய மாட்டேன் என்று முடிவு எடுத்தவர். ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவர் சாதாரண உடையில் வந்து உட்கார்ந்தார். அவர் யாரென்று தெரியாமல் வைரப்பனும் கத்தியை எடுத்து சவரத்தை ஆரம்பித்தார். பாதி முகம் முடிந்தபோது இவர் போலீஸ் என்று தெரிய வந்தது. அவ்வளவுதான், கத்தியை மடக்கி விட்டார்.

பாதி மழித்த முகத்தோடு ரோட்டில் போக முடியுமா? வைரப்பனை மாஜிஸ்திரேட்டிடம் இழுத்துக்கொண்டு போனார்கள். மீதியை முடித்து விடு, இல்லாவிட்டால் ஜெயில் என்று மாஜிஸ்திரேட் சொன்னார். வைரப்பன் தன் ஆயுதப் பெட்டியை அவர் முன்னால் வைத்துவிட்டு, வேண்டுமானால் நீங்களே செய்து விடுங்கள் என்று சொன்னாராம். 6 மாதம் ஜெயில் கிடைத்தது.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், ராஜாஜி வக்கீல். அவருக்குப் பின்னால் ஒரு கட்சி இருந்தது. வைரப்பனுக்கு இருந்தது ஒரு கத்தி, ஒரு பெட்டி, அன்றாட வருமானம். கிடைத்த தண்டனை இரண்டு பேருக்கும் அதே 6 மாதம்.

பிறகு என்ன ஆனது?

1931 மார்ச்சில் காந்தி-இர்வின் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஜெயிலில் இருந்தவர்கள் விடுதலை ஆனார்கள். கடலோரக் கிராம ஜனங்கள் சொந்த உபயோகத்துக்கு உப்பு எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. வரி மட்டும் உடனே போகவில்லை. சுதந்திரம் வந்த 1947-ல்தான் உப்பு வரி ரத்தானது.

திருத்துறைப்பூண்டி வழியாக அகஸ்தியம்பள்ளிக்கு மீண்டும் ரெயில் ஓட ஆரம்பித்தது 2023-ல். உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண் இருப்பது அங்கேதான், வேதாரண்யத்தில் இருந்து கோடியக்கரை போகும் ரோட்டில். ஆண்டுதோறும் திருச்சியில் இருந்து நினைவு யாத்திரை வந்து ஏப்ரல் 30-ந் தேதி இங்கே உப்பு அள்ளுவார்கள். வைரப்பனுக்கும் வேதாரண்யத்தில் நினைவுத்தூண் வைத்திருக்கிறார்கள். பொட்டலம் கட்டியவர்கள் யார் யார் என்று அன்றைக்கு போலீசாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் அவர்கள் பெயர் எந்தத் தூணிலும் கிடையாது.