ஏ.எம்.ஹெச். எண் யாருக்குப் பயன்?

கல்யாணம் ஆகி ஆறு மாதம் தாண்டினால் "விசேஷம் உண்டா?" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாத பெண்ணிடம் இப்போது செல்போன் விளம்பரம் அதைக் கேட்கிறது. "உங்கள் கருமுட்டை இருப்பு எவ்வளவு?" பதிவு செய்தால் வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுப்பார், ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வரும். ஏ.எம்.ஹெச். 0.9 என்று அச்சிட்டு, பக்கத்தில் 'குறைவு' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கும். அதற்குப் பிறகு வரும் அழைப்பு டாக்டருடையதாக இல்லாமல், கருமுட்டை உறைய வைக்கும் 'பேக்கேஜ்' விற்பவருடையதாக இருந்தால், அந்த எண் என்ன சொல்கிறது என்பதை நீங்களே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சினைப்பையில் வளரத் தொடங்கியிருக்கும் சிறு நுண்பைகள் சுரக்கும் ஹார்மோன்தான் ஏ.எம்.ஹெச். எத்தனை முட்டை மிச்சம் என்பதற்கு அது தோராயமான அடையாளம். முட்டையின் தரத்தை அது சொல்லாது. தரம் பெரும்பாலும் வயதைப் பொறுத்தது. இயற்கையாகக் கருத்தரிக்க மாதம் வெளிவரும் அந்த ஒரு முட்டை நன்றாக இருந்தால் போதும்.

2017-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வில், குழந்தைக்கு முயலத் தொடங்கியிருந்த 30 முதல் 44 வயதுப் பெண்கள் 750 பேரைப் பின்தொடர்ந்தார்கள். ஏ.எம்.ஹெச். குறைவாக இருந்தவர்களுக்கும் சரியாக இருந்தவர்களுக்கும் கருத்தரிக்கும் வாய்ப்பில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத பெண்ணுக்கு இந்த எண்ணை வைத்து ஆலோசனை சொல்லக் கூடாது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2019-ல் அறிவுறுத்தியது.

முட்டைகளை வளர்க்கும் ஊசி போட்டால் ஒரு சுற்றில் எத்தனை முட்டை கிடைக்கும், மருந்து எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கணிக்கத்தான் இந்த எண் உதவும். அதாவது, சிகிச்சை வேண்டும் என்று முடிவான பிறகு டாக்டருக்குத் தேவைப்படுவது. இதைக் காட்டியே சிகிச்சையை விற்பது தலைகீழ் வேலை. இன்னொரு முரணும் உண்டு: எண் குறைவு என்று பயமுறுத்தப்படும் பெண்ணுக்கு ஒரு சுற்றில் முட்டையும் குறைவாகவே கிடைக்கும். அவளுக்குத்தான் ஒரு பேக்கேஜ் போதாது.

எண்ணே தவறாக வரவும் வழியுண்டு. சினைப்பை நீர்க்கட்டிக்காக (பி.சி.ஓ.எஸ்.) சாப்பிடும் கருத்தடை மாத்திரை ஏ.எம்.ஹெச்.-ஐக் குறைத்துக் காட்டலாம். நீர்க்கட்டி அதைக் கூட்டிக் காட்டும். முடி கொட்டாமல் இருக்க எடுக்கும் பயோட்டின் மாத்திரை சில ஹார்மோன் பரிசோதனைகளையே குழப்பிவிடும். எஃப்.எஸ்.ஹெச். என்ற இன்னொரு ஹார்மோனையும் பார்ப்பதென்றால் மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் ரத்தம் கொடுக்க வேண்டும். ஏ.எம்.ஹெச். அலகையும் பாருங்கள். நானோகிராமில் 1 என்பது பிகோமோலில் சுமார் 7. கருக்குழாய் அடைப்போ எண்டோமெட்ரியோசிஸோ கணவரின் விந்தணுக் குறையோ இந்த ரிப்போர்ட்டில் தெரியாது.

உறைய வைப்பது என்றால் என்ன? பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் வயிற்றில் ஊசி, இடையிடையே ஸ்கேன், கடைசியில் மயக்கம் கொடுத்துப் பிறப்புறுப்பு வழியாக ஊசி செலுத்தி முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். முதிர்ந்த முட்டைகளைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைப்பார்கள். சிலருக்குச் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வயிறு உப்பும், எடை திடீரென ஏறும், சிறுநீர் குறையும், மூச்சு முட்டும். நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல். இவை தெரிந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

குழந்தைக்கு இதில் உத்தரவாதம் இல்லை. 75 சதவீத வாய்ப்புக்கு 34 வயதில் 10 முட்டை, 37-ல் 20, 42-ல் 61 தேவைப்படும் என்பது 2017-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. நியூயார்க்கில் ஒரு மையத்தில் முட்டையை உறையவைத்துப் பிறகு எடுத்துப் பயன்படுத்தியவர்களில் 39 சதவீதத்தினருக்கே குழந்தை கிடைத்தது என்று 2022-ல் வெளியானது. அவர்கள் முட்டை எடுத்த சராசரி வயது 38. 2018 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவிலும் கிளீவ்லாந்திலும் சேமிப்புத் தொட்டிகள் பழுதாகி ஆயிரக்கணக்கான முட்டைகளும் கருக்களும் பாதிக்கப்பட்டன. தொட்டி பழுதானால் யார் பொறுப்பு என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

இந்தியாவில் 2022 ஜனவரி முதல் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் (2021) நடைமுறையில் இருக்கிறது. 21 வயதுக்கு மேல், 50-க்குள் உள்ள பெண் தனியாகவும் சிகிச்சை பெறலாம், கல்யாணம் கட்டாயமில்லை. மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். வெற்றி வாய்ப்பு, பக்கவிளைவு, செலவு எல்லாவற்றையும் விளக்க வேண்டும். எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் முட்டையை உறைய வைக்கக் கூடாது. குறைதீர்ப்புப் பிரிவும் வைத்திருக்க வேண்டும். விளம்பரத்தில் வராத சங்கதி ஒன்று: கல்யாணமே ஆகாத பெண் அந்த முட்டையை வைத்து வாடகைத்தாய் வழியாகக் குழந்தை பெற முடியாது. தனிப்பெண்களில் கணவரை இழந்தவர், விவாகரத்து பெற்றவர், அதிலும் 35 முதல் 45 வயதுக்குள் இருப்பவருக்கு மட்டுமே வாடகைத்தாய்ச் சட்டம் இடம் தருகிறது. சிங்கப்பூரில் 2023 ஜூலை முதல் 21 முதல் 37 வயதுப் பெண்கள் உறைய வைக்கலாம், ஆனால் பயன்படுத்தச் சட்டப்படி கல்யாணம் ஆகியிருக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் ரேட் கார்டு கேளுங்கள். மருந்து, மயக்க மருந்து, ஆண்டு வாடகை, பிற்காலத்தில் உருக்கிக் கருவாக்கும் செலவு ஆகியவை பேக்கேஜில் சேருமா? உங்கள் வயதுப் பெண்களில் எத்தனை பேர் உறைந்த முட்டையால் குழந்தை பெற்றார்கள் என்று அந்த மையத்தின் சொந்தக் கணக்கைக் கேளுங்கள். "சக்சஸ் ரேட் 80 பர்சென்ட்" என்று மட்டும் சொன்னால், எதில் 80 என்று விடாமல் கேளுங்கள். முட்டை உருகிப் பிழைப்பதும் அந்தக் கணக்கில் வெற்றியாக இருக்கலாம்.

ஏமாந்ததாகத் தெரிந்தால் பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ஒப்புதல் படிவ நகலை எடுத்துவையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டிய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம்.

உறைய வைப்பதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்கோ அக்காவுக்கோ நாற்பதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றிருந்தால் முப்பதுக்குள் ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்ப்பது நல்லது. 35 வயதுக்கு உட்பட்டவர் ஓராண்டும், 35-ஐத் தாண்டியவர் ஆறு மாதமும் முயன்றும் கருத்தரிக்காவிட்டால் கணவரோடு சேர்ந்து பரிசோதிக்க வேண்டும். எல்லோரையும்விட உறைய வைப்பது அவசரமாகத் தேவைப்படுவது புற்றுநோய் கண்ட இளம்பெண்ணுக்கு. கீமோ மருந்துகள் சில சினைப்பையில் உள்ள முட்டைகளை அழிக்கும். கல்யாணம் ஆகாத பெண் என்று வீட்டார் இந்தப் பேச்சையே எடுக்கத் தயங்குவார்கள். முதல் கீமோவுக்குத் தேதி குறிக்கும் முன்பே புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். ஊசியை மாதவிலக்குச் சுழற்சியின் எந்த நாளிலும் தொடங்கலாம். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் முட்டை எடுத்து முடித்துவிடலாம்.