சாப்பிட்ட பிறகும் கை நடுங்குகிறதா?

மதியம் 12 மணிக்கு ஒரு தட்டு நூடல்ஸ், கூடவே ஒரு பெரிய குவளை பபள் டீ. இரண்டரை மணி விரிவுரையில் கை லேசாக நடுங்குகிறது, நெற்றி வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்டும் மறுபடியும் பசி. விரிவுரையாளர் பேசுவது காதில் விழுகிறது, ஆனால் மனத்தில் பதியவில்லை.

மாணவர்கள் சிலருக்கு இது பழகிப்போன ஒன்று. ‘சோம்பல்’, ‘தூக்கம் போதவில்லை’, ‘தேர்வுப் பயம்’ என்று மற்றவர்கள் எளிதில் பெயர் வைத்துவிடுவார்கள். ஆனால், சாப்பிட்டு இரண்டு முதல் நான்கு மணி நேரத்திற்குள் ரத்தத்தில் சர்க்கரை இறங்குவதும் காரணமாக இருக்கலாம். மருத்துவத்தில் இதற்கு ‘ரியாக்டிவ் ஹைப்போகிளைசீமியா’ என்று பெயர். நீரிழிவு இல்லாதவர்களுக்கும் இது வரலாம்.

உடலுக்குள் நடப்பது என்ன?

இனிப்புப் பானமும் மாவுச்சத்து உணவும் விரைவில் செரித்து, ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுகின்றன. அதைக் குறைக்கக் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. சிலருக்கு அது தேவைக்கு அதிகமாகவோ தாமதமாகவோ சுரப்பதால், சர்க்கரை இருக்கவேண்டிய அளவுக்கும் கீழே போகிறது.

உடனே உடல் அட்ரினலினை வெளியிட்டு, கல்லீரலில் சேமித்துள்ள சர்க்கரையை வெளியே எடுக்கப் பார்க்கிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் அந்த அட்ரினலினின் வேலை. பதற்றத்தின்போது சுரப்பதும் அதே அட்ரினலின்தான். எனவேதான் இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

இனிப்பு குடித்தால் சரியாகுமா?

அந்த நேரத்தில் ஒரு கலன் இனிப்புப் பானம் குடித்தால் சில நிமிடங்களில் தெம்பு வரும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை உள்ள 330 மில்லிலிட்டர் கலனில் மொத்தம் 33 கிராம் சர்க்கரை இருக்கும். இறங்கிய சர்க்கரையை ஏற்றப் பொதுவாக 15 கிராமே போதும். மீதி, இன்சுலினை மறுபடியும் தூண்டி அடுத்த சரிவுக்கு வழிவிடலாம்.

நடுக்கம் வந்தால் அரைக் குவளை பழச்சாறு குடித்து 15 நிமிடம் பொறுங்கள். பிறகு ஒரு முட்டையோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சாப்பிடுங்கள். நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் தங்கள் மருத்துவர் சொன்னபடியே நடக்கவேண்டும்.

ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள்

இந்த அறிகுறிகள் உள்ள பலருக்கு, சோதித்துப் பார்த்தால் சர்க்கரை சரியாகவே இருக்கிறது. தூக்கக் குறைவு, பதற்றம், ரத்தசோகை, தைராய்டு கோளாறு ஆகியவையும் இதேபோல் தோன்றலாம். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வரும் தூக்கம் பெரும்பாலும் சர்க்கரை இறங்கியதால் வருவதன்று.

மருத்துவர்கள் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள்: அறிகுறிகள் இருக்கவேண்டும்; அதே நேரத்தில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கவேண்டும்; சர்க்கரை ஏறியதும் அறிகுறிகள் மறையவேண்டும். நீரிழிவு இல்லாதவர்களுக்கு லிட்டருக்கு 3 மில்லிமோலுக்கும் குறைவானதையே தாழ்ந்த அளவாகக் கருதுகின்றனர்.

இரண்டு வாரங்களுக்குக் கைப்பேசியில் குறித்து வாருங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, அறிகுறி எப்போது வந்தது, எதனால் அடங்கியது. பலதுறை மருந்தகத்தில் அதைக் காட்டினால் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

தட்டில் சிறு மாற்றம்

சோற்றை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. அளவைக் குறைத்து, முட்டை, மீன், தவ்வு, பருப்பு, காய்கறியைக் கூட்டுங்கள். காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை மெதுவாக ஏறும். சாப்பிட்டதும் 10 நிமிடம் நடப்பதும் உதவும்.

காலை உணவைத் தவிர்த்துவிட்டு மதியம் மொத்தமாகச் சாப்பிடாதீர்கள். உணவங்காடி நிலையத்தில் ‘தே ஓ கோசோங்’ அல்லது ‘சியூ தாய்’ என்று கேட்டு வாங்கலாம். சிங்கப்பூரில் பானங்களில் காணும் ‘நியூட்ரி-கிரேட்’ குறியீட்டில் ‘டி’ என்றால் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கும் அதிகமான சர்க்கரை அல்லது அதிகமான நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது என்று பொருள்.

தாமதிக்கக் கூடாதவை

வெறும் வயிற்றிலோ நள்ளிரவிலோ அறிகுறிகள் வந்தால், மயக்கம், குழப்பம், பார்வை மங்கல், காரணமில்லாத எடைக் குறைவு இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். நண்பர் நினைவிழந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 995ஐ அழையுங்கள்.

பிரச்சினை உறுதியானால் வகுப்பாசிரியரிடமும் இணைப்பாட நடவடிக்கை பயிற்றுநரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நீண்ட தேர்வு நாள்களில் இடையில் சிற்றுண்டி சாப்பிட அனுமதி தேவைப்பட்டால், மருத்துவரின் கடிதத்துடன் தேர்வுக்கு வெகுமுன்பே பள்ளியிடம் கேளுங்கள்.