லிஃப்ட் பண்ணின வண்டி ஏன் நடுங்குகிறது?

போன வருஷம் என் டகோமா பிக்கப்பை மூன்று அங்குலம் தூக்கினேன். கொலராடோவின் மலைப்பாதைகளில் அடிவயிறு பாறையில் தட்டாமல் போகவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. முன்பக்கம் ஷாக்குக்கு மேலே ஸ்பேசர், பின்பக்கம் ஆக்ஸிலுக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் நடுவில் மூன்று அங்குல இரும்புக் கட்டை. ஒரு சனி, ஒரு ஞாயிறு, உதவிக்கு ஒரு நண்பர், நிறைய டீ. வேலை முடிந்தது.

ஞாயிறு சாயங்காலம் தெருமுனை சிக்னலில் பச்சை விழுந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி கடகடவென்று நடுங்குகிறது! 15 மைல் வேகத்தில் உச்சம், 25-க்கு மேல் அடங்கிவிடுகிறது. நெடுஞ்சாலையில் 60 மைலைத் தொட்டதும் வேறு மாதிரி, இருக்கைக்கு அடியில் வண்டு ரீங்காரம். வீட்டம்மா ஒரே ஒருமுறை ஏறினார். "சரி பண்ணிட்டுச் சொல்லுங்க, அப்புறம் வர்றேன்."

எல்லாரையும் போல நானும் முதலில் டயரைத்தான் சந்தேகப்பட்டேன். இரண்டு தடவை வீல் பேலன்ஸிங். காசு போனதுதான் மிச்சம். முதலிலேயே ஒரு சின்னக் கணக்குப் போட்டிருந்தால் அந்தச் செலவு மிச்சமாகியிருக்கும்.

என் டயர் 265/70 ஆர்16, விட்டம் சுமார் 30.6 அங்குலம். 15 மைல் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 2.7 சுற்றுதான் சுற்றும். பின் ஆக்ஸிலின் பல் விகிதம் 3.73. ஆக, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 10 சுற்று. சீட்டில் போனை அழுத்திக் கட்டி, ஆக்ஸிலரோமீட்டர் பதிவை எடுத்து ஃபூரியே மாற்றம் போட்டுப் பார்த்தேன். (மென்பொருள்காரனுக்கு வேறென்ன தெரியும்? லாக் எடுக்கத்தான் தெரியும்.) 20 ஹெர்ட்ஸில் ஒரு மலை நின்றது. சக்கரத்தின் 2.7 இல்லை, ஷாஃப்டின் 10-ம் இல்லை. ஷாஃப்டின் இரண்டு மடங்கு. ஷாஃப்டில் எடை ஏற்றத்தாழ்வு இருந்தால் சுற்றுக்கு ஒரு உதறல் வரும். சுற்றுக்கு இரண்டு உதறல் என்றால் அது பெரும்பாலும் யுனிவர்சல் ஜாயின்டின் கையெழுத்து.

60 மைல் பதிவு என்னை ஒரு ராத்திரி பைத்தியமாக்கியது. வேகம் கூடக்கூட உச்சம் கீழே இறங்கிக்கொண்டே போனது! பிறகுதான் உறைத்தது. என் ஆப் நொடிக்கு 100 மாதிரிதான் எடுக்கிறது; 50 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதை அதால் ஒழுங்காகப் பார்க்க முடியாது. உண்மையான அதிர்வு 82 ஹெர்ட்ஸ். 100-லிருந்து 82 போக 18 என்று மடங்கித் தெரிந்திருக்கிறது. 82 என்பதும் அந்த வேகத்தில் ஷாஃப்ட் சுற்றுக்கு இரண்டு மடங்குதான். திருடன் ஒருத்தனே.

இந்த ஜாயின்ட் அப்படி என்ன செய்கிறது? ஒரு வட்டத் தட்டில் கடிகாரம் மாதிரி 12 கோடு சம இடைவெளியில் போடுங்கள். தட்டைச் சாய்த்துப் பாருங்கள். வட்டம் முட்டையாகிவிடும். அகலமான இரு முனைகளில் கோடுகள் நெருங்கியும், குறுகலான இரு பக்கங்களில் விலகியும் தெரியும். சாய்ந்து நிற்கும் ஜாயின்டிலும் இதே கதைதான். உள்ளே வரும் தண்டு ஒரே சீராகச் சுற்றினாலும், வெளியே போகும் தண்டு ஒரு சுற்றில் இரண்டு முறை வேகமெடுத்து இரண்டு முறை மந்தமாகும். 3 டிகிரி சாய்வில் இந்த வித்தியாசம் 0.14 சதவீதம். 6 டிகிரியில் 0.55. 10 டிகிரியில் 1.5. அதாவது கோணம் இரண்டு மடங்கானால் தொல்லை நான்கு மடங்கு.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஸ்பிரிங் விதிக்காக நாம் பள்ளியில் படித்த அதே ராபர்ட் ஹூக், 17-ம் நூற்றாண்டிலேயே இந்தச் சீரற்ற சுழற்சியைக் கவனித்துவிட்டார். சூரியக் கடிகாரத்தின் நிழலும் இப்படித்தான் சீரில்லாமல் நகரும் என்பதால், அதைப் பின்தொடர இந்த ஜாயின்ட் உதவும் என்று பார்த்தார். இரண்டு ஜாயின்டைச் சரியாகக் கோர்த்தால் ஒன்றின் கோணலை மற்றது அழித்துவிடும் என்பதும் அவர் சொன்னதுதான். இன்றைக்கும் லாரிகள், பிக்கப்புகள் எல்லாம் அந்த உபாயத்தில்தான் ஓடுகின்றன. நிபந்தனை ஒன்று: இரண்டு கோணமும் சமமாக இருக்கவேண்டும்.

டிஜிட்டல் கோணமானி வாங்கி, வண்டியை அதன் நான்கு சக்கரத்திலேயே சமதளத்தில் நிறுத்தி அளந்தேன். (ஜாக்கி போட்டு ஆக்ஸிலைத் தொங்கவிட்டு அளந்தால் எல்லாக் கோணமும் பொய்.) என் வண்டியில் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் சென்டர் பேரிங். மொத்தம் மூன்று ஜாயின்ட். பின்பக்கம் நோக்கிய சரிவு இப்படி இருந்தது: டிரான்ஸ்ஃபர் கேஸ் 4, முதல் தண்டு 4.5, இரண்டாம் தண்டு 10.5, பினியன் 2.5 டிகிரி. கழித்துப் பார்த்தால் ஜாயின்ட் கோணங்கள் 0.5, 6, 8.

தூக்குவதற்கு முன்னால் அளக்காமல் விட்டது என் தப்பு. ஆனாலும் கணக்கில் பிடிக்கலாம். இரண்டாம் தண்டு 42 அங்குலம். 3 அங்குலம் தூக்கினால் 4 டிகிரி கூடும். அப்படியானால் முன்பு 2-ம் 4-ம் இருந்திருக்கும். அப்போதும் 2 டிகிரி வித்தியாசம், இப்போதும் 2 டிகிரிதானே என்று தோன்றும். இங்கேதான் வர்க்கம் கழுத்தை அறுக்கிறது. முன்பு 16-லிருந்து 4 போக 12. இப்போது 64-லிருந்து 36 போக 28. நான் எதையும் திருகவில்லை, கட்டை மட்டும்தான் வைத்தேன். அழியாமல் மிஞ்சுகிற கோணல் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

இது 60 மைல் ரீங்காரத்தின் கதை. கிளம்பும்போது வரும் நடுக்கம் இன்னொரு வழியில் வருகிறது. சாய்ந்த ஜாயின்ட் வழியாகப் பெரிய முறுக்கு விசை போகும்போது, அது தண்டைப் பக்கவாட்டிலும் வளைக்கப் பார்க்கும், சுற்றுக்கு இரண்டு முறை. அதைத் தாங்குவது சென்டர் பேரிங்கைச் சுற்றியுள்ள ரப்பர். கிளம்பும்போது முறுக்கு அதிகம், நடு ஜாயின்டில் கோணமும் அதிகம், ரப்பர் குதிக்கிறது. இதை அப்படியே விட்டால் ரப்பர் கிழியும், ஜாயின்டும் சீக்கிரம் தேயும். நெடுஞ்சாலையில் ஜாயின்ட் உடைந்து ஷாஃப்ட் கழன்றால் என்ன ஆகும் என்று நினைத்தபிறகு, ஒரு வாரம் அந்த வண்டியை நான் எடுக்கவில்லை.

பலரும் சொல்லும் வைத்தியம் சென்டர் பேரிங்கைக் கீழே இறக்குவது. ஒரு அங்குலம் இறக்கினேன். கிளம்பும் நடுக்கம் அடியோடு போயிற்று! அந்தச் சந்தோஷம் 60 மைல் வரைக்கும்தான், ரீங்காரம் முன்னைவிட மோசம். காரணம் கணக்கில் இருக்கிறது. பேரிங் இறங்கினால் முதல் தண்டு கூடுதலாகச் சரியும், இரண்டாம் தண்டு நிமிரும். நடு ஜாயின்ட் இரண்டு பக்கமும் லாபம் பார்த்து 2.4-க்கு வந்துவிட்டது. கடைசி ஜாயின்டோ 6.6-ல் நின்றது. வர்க்கம் போட்டால் 44-லிருந்து 6 போக 38.

ஆக இரண்டையும் சேர்த்துத்தான் செய்யவேண்டும். பேரிங்கை அரை அங்குலம் மட்டும் இறக்கினேன். பினியன் மூக்கை 2 டிகிரி தூக்க, கட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஆப்பு வடிவ ஷிம், தடித்த பக்கம் வண்டியின் பின்பக்கம் பார்க்க. (ஸ்டீல் ஷிம் வாங்குங்கள். அலுமினியம் விரிசல் விடும்.) இப்போது கோணங்கள் 1.6, 4.2, 5.3. கடைசி இரண்டையும் ஏன் துல்லியமாகச் சமமாக்கவில்லை? வண்டி ஓடும்போது ஆக்ஸில் முறுக்கிக்கொண்டு பினியன் மூக்கு தானாகவே கொஞ்சம் மேலே ஏறும். லீஃப் ஸ்பிரிங் வண்டிகளில் அதற்காக 1, 2 டிகிரி தாழ்த்தி வைப்பது வழக்கம். நிற்கும்போது சமமாக இருந்தால் ஓடும்போது சமமாக இருக்காது.

60 மைல் ரீங்காரம் போய்விட்டது. 20 ஹெர்ட்ஸ் மலை சின்ன மேடாகிவிட்டது. 500 மைல் ஓட்டியபின் யூ-போல்ட்களை மறுபடி முறுக்கினேன், இரண்டு நட்டு கால் சுற்று இறங்கியது. வீட்டம்மா ஏறுகிறார், ஏறும்போது வண்டியின் உயரத்தைப் பற்றி மட்டும்தான் புகார். மேட்டில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு மிதித்தால் இன்னும் லேசாக ஒரு சிலிர்ப்பு இருக்கிறது. கட்டை வைத்த ஸ்பிரிங் அதிகமாக முறுக்கிக்கொள்ளும். கட்டையை எடுத்துவிட்டு உயரமான ஸ்பிரிங்கே போட்டால் அதுவும் போகும். விலையைப் பார்த்துவிட்டு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.